பாசிக் கிண்ணங்களுக்கு எதை வைத்துப் பெயர் சொல்வது?

ஆரஞ்சு நிறத்தில் ஒரு சிறு வட்டு. அகலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். ஓரத்தில் வெளிறிய சவ்வு விளிம்பு, சுற்றிலும் பாசி. படத்தில் தெரிவது இவ்வளவுதான். ஆனால் படத்துக்குக் கீழே பேரினமும் சிற்றினமுமாக முழுப்பெயர் எழுதியிருக்கும். பாசியை அண்டி வாழும் கிண்ணப் பூஞ்சைகளைப் பற்றி எதைப் படித்தாலும் எனக்கு முதலில் எழும் கேள்வி, இந்தப் பெயரை எதை வைத்துச் சொன்னார்கள் என்பதுதான். தோற்றத்தை வைத்தா, ஸ்போரை வைத்தா, அடியிலிருக்கும் பாசியை வைத்தா, டிஎன்ஏவை வைத்தா? நான்குக்கும் ஆதரவாளர்கள் உண்டு. நான்கும் ஒரே பெயரைச் சொல்லிவிட்டால் பேச ஒன்றுமில்லை. பல நேரங்களில் சொல்வதில்லை. அதனால்தான் ஒவ்வொன்றையும் எடைபோட வேண்டியிருக்கிறது.

குளத்துப் பாசியை இங்கே நினைக்க வேண்டாம். மழை பெய்தால் சுவரிலும் தோட்டத்து மண்ணிலும் பசுமையாகப் படருமே, பள்ளிப் பாடநூலில் மாஸ் என்று படித்தோமே, அதைத்தான் பாசி என்கிறேன்.

இந்தப் பூஞ்சைகளைப் பற்றிய அறிவு பெரும்பாலும் மத்திய ஐரோப்பாவில் திரண்டது. லைப்சிக் நகரத்தில் மருத்துவராக இருந்த ஜோகன் ஹெட்விக், பாசிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து எழுதிய நூலில் 1789இல் ஆக்டோஸ்போரா என்ற பேரினத்தை ஏற்படுத்தினார். பாசியியலின் தந்தை என்று சொல்லப்படுபவர் அவர். அவர் இறந்தபின் 1801இல் வெளிவந்த நூலைத்தான் பாசிகளின் பெயரிடலுக்குத் தொடக்கமாக இன்றும் வைத்திருக்கிறார்கள். ஆக, பாசியைப் பார்க்கப் போனவர் கண்ணில் பூஞ்சை பட்டது. பிறகு பூஞ்சை பூஞ்சையியலாளர்கள் கைக்குப் போனது. அவர்கள் பாசியை மறந்தார்கள். நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் வந்த விவரிப்புகளில் பெரும்பாலானவற்றில் ‘பாசிகளிடையே, மண்ணில்’ என்பதோடு வாழிடக் குறிப்பு முடிந்துவிடும். எந்தப் பாசி என்று கேட்டால் பதில் கிடையாது. இன்றைய குழப்பங்களில் பாதி அங்கிருந்து வந்தவை என்பது என் கணிப்பு.

நிலைமையை மாற்றியவர்களில் முதன்மையானவர் ஜெர்மானியப் பூஞ்சையியலாளர் பீட்டர் டோபலர். 1970களின் இறுதியில் தொடங்கி அவர் எழுதிய கட்டுரைகளுக்குப் பிறகு, இந்தக் கிண்ணங்கள் பாசிக்கு நடுவே தற்செயலாக முளைக்கிறவை என்று யாரும் சொல்ல முடியாமல் போனது. பூஞ்சையின் இழைகள் மண்ணுக்குள் பாசியின் வேரிகளை, அதாவது பாசியை மண்ணில் பிடித்துவைக்கும் வேர்போன்ற நூல்களை, தேடிப் போகின்றன. வேரியின் சுவரில் தடித்த செல் ஒன்று ஒட்டிக்கொள்கிறது. அதிலிருந்து மெல்லிய முளை ஒன்று சுவரைத் துளைத்து உள்ளே போகிறது. சில சிற்றினங்களில் தாக்கப்பட்ட வேரி புடைத்து, முறுக்கிக் கழலையாகிவிடும். பாசியின் மேல்பாகம் பல சமயம் ஒன்றுமே நடக்காததுபோல் பச்சையாக இருக்கும். 1997இல் டோபலர் கணக்கெடுத்தபோது, பாசிகளையும் அவற்றின் உறவான ஈரல் தாவரங்களையும் விட்டால் வாழ வழியில்லாத ஆஸ்கோமைசீட் பூஞ்சைகள் (பைக்குள் ஸ்போரை உருவாக்குபவை) 300க்கு மேல் இருந்தன. அவற்றில் கிண்ண வடிவில் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருப்பவை ஒரு பகுதிதான். அந்தப் பகுதியிலும் ஆக்டோஸ்போரா, லாம்ப்ரோஸ்போரா, நியோட்டியெல்லா என்ற மூன்று பேரினங்களைச் சுற்றித்தான் சண்டை அதிகம். மூன்றும் பைரோனிமட்டேசி குடும்பம். மூன்றிலும் பெரும்பாலானவை ஆரஞ்சு அல்லது சிவப்பு.

தோற்றத்தை வைத்துப் பெயர் சொல்வதைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் அது சில வேலைகளை ஒழுங்காகச் செய்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கிண்ணத்தின் ஓரத்தில் கரும்பழுப்பு மயிர்கள் விறைத்து நின்றால் அது ஸ்கூட்டெல்லினியா; பாசியோடு அதற்கு ஒட்டுண்ணி உறவு இல்லை. வெளிப்புறம் வெண்மயிர் போர்த்து, அடிப்பகுதி மண்ணில் புதைந்து, பாலிட்ரைக்கம் பாசிக்கு நடுவே நின்றால் நியோட்டியெல்லா ருட்டிலான்ஸ் என்று சந்தேகப்படுவது நியாயம். இலையுள்ள ஈரல் தாவரத்தின் மேல் நீலப்பச்சையாக ஒரு கிண்ணம் இருந்தால், மினியேசியா யுங்கர்மானியே என்ற பெயரை லென்ஸ் கையிலிருக்கும்போதே ஏறத்தாழச் சொல்லிவிடலாம். அந்த நிறத்தில் அந்த இடத்தில் வேறு போட்டியாளர் அரிது.

அதற்கு மேல் தோற்றத்தை நம்பினால் வழுக்கும். வெள்ளையாக, காகிதம் போன்ற மென்மையோடு பாசி இலையில் ஒட்டியிருக்கும் ரிம்பாக்கியா பிரையோஃபிலாவையும், மரப்பட்டைப் பாசியில் வளரும் குரோமோசைஃபெல்லா மஸ்கிக்கோலாவையும் பார்த்தால் யாரும் கிண்ணப் பூஞ்சை என்றுதான் சொல்வார்கள். இரண்டும் காளான் வகையறா. ஸ்போர்கள் பைக்குள் உருவாவதில்லை, பெசிடியம் என்ற செல்லின் நுனியில் உருவாகின்றன. படத்தில் இது தெரிய வழியே இல்லை. ஊசிமுனை அளவு துணுக்கைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மெல்ல நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்தால், பை இருக்கிறதா இல்லையா என்பது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஆரஞ்சு நிறமோ ஒன்றையும் பிரித்துக் காட்டாது. கரோட்டினாய்டு நிறமிகளால் வருவது அது. பாசியோடு தொடர்பே இல்லாத பல்வினுலாவிலும் பிஸ்ஸோனெக்ட்ரியாவிலும் எரிந்த நிலத்து அந்த்ரக்கோபியாவிலும் அதே நிறம்தான். ஈரம் குறைந்தால் கருக்கும், வயதானால் வெளிறும். விளிம்புச் சவ்வு இளமையில் அகலமாகவும் முதுமையில் கிழிந்தும் இருக்கும். களக் கையேடுகளில் ‘அடர் ஆரஞ்சு’, ‘மஞ்சள் கலந்த ஆரஞ்சு’ என்று பிரித்து எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், எழுதியவர் எந்த வெளிச்சத்தில் பார்த்தார் என்று கேட்கத் தோன்றும். தோற்றம் வேண்டாதவற்றைக் கழித்துவிட உதவும்; மினியேசியா போன்ற ஓரிரண்டைத் தவிர, இன்ன சிற்றினம் என்று சுட்டிக்காட்ட அதற்குத் தகுதி இல்லை.

ஸ்போர் தரப்பின் வழக்கு இதைவிடப் பலமானது, வரலாறும் நீண்டது. ஆஸ்கஸ் பையின் நுனி மூடிபோல் திறக்கிறதா, துளைவழி வெளியேற்றுகிறதா என்பதை வைத்துப் பிரெஞ்சுக்காரர் எமீல் பூதியே 1885இல் கிண்ணப் பூஞ்சைகளை இரு பெரும் அணிகளாகப் பிரித்தார். இன்றும் பயன்படும் பிரிவு அது. பாசிக் கிண்ணங்களில் மேலே சொன்ன மூன்று பேரினங்களும் மூடி திறக்கும் அணி. பிரையோஸ்கைஃபஸ், பிரையோகுளோசம் போன்ற வெளிறிய நிறத்தவை மறு அணி. ஒரு துளி நீரில் ஊறிய பையின் நுனியைப் பார்த்தே இந்த முதல் கிளையைத் தாண்டிவிடலாம்.

இரண்டாவது கிளையில்தான் தகராறு. அமெரிக்கரான ஃபிரெட் சீவர் 1914இல் லாம்ப்ரோஸ்போரா பற்றி எழுதியபோது, உருண்டை ஸ்போர் இருந்தால் போதும் என்று கதவை அகலத் திறந்துவைத்தார். இன்று பல்வினுலா என்கிறோமே, வழவழப்பான உருண்டை ஸ்போர் கொண்டு பாசியோடு உறவில்லாமல் வாழும் கூட்டம், அதுவும் உள்ளே நுழைந்தது. பிரான்ஸில் மிஷேல் கயேவும் ஜெரார் முவானும் 1980இல் நேர்எதிர் வழியில் போனார்கள். உருண்டையோ நீள்வட்டமோ, எல்லாமே ஆக்டோஸ்போராதான் என்று ஒரே பேரினத்தில் வைத்தார்கள். கிழக்கு ஜெர்மனியில் டீட்டர் பெங்கெர்ட் 1987இல் லாம்ப்ரோஸ்போராவுக்கு எழுதிய நெடிய ஆய்வில், மேற்பரப்பில் வலை, மரு போன்ற அலங்காரம் கொண்ட உருண்டை ஸ்போர்கள் லாம்ப்ரோஸ்போரா, நீள்வட்டம் ஆக்டோஸ்போரா என்று கோடு கிழித்தார். களத்தில் இறங்குகிறவர்கள் இன்றும் கையில் வைத்திருப்பது பெங்கெர்ட்டின் கோடுதான்.

அந்தக் கோடு இயற்கையானதா? இல்லை என்றே மரபணு மரங்கள் காட்டுகின்றன. இரு பேரினங்களும் நெருங்கிய உறவுகள். உருண்டை, நீள்வட்டம் என்ற பிரிவு பரம்பரைக் கிளைகளோடு முழுக்கப் பொருந்துவதில்லை. அந்த அளவில் பிரெஞ்சுக்காரர்களின் உள்ளுணர்வு சரி. ஆனாலும் பெங்கெர்ட் பக்கமே என் வாக்கு. காரணம் பேரினப் பெயர் அல்ல, அவர் பார்த்த முறை. ஸ்போரின் மேலிருக்கும் வலை எப்படி ஓடுகிறது, வலைக் கண்களின் அகலம் எவ்வளவு, முகடுகளின் தடிப்பு எவ்வளவு, பெரிய கண்ணுக்குள் சிறு கண்கள் உண்டா, வலையா இல்லை தனித்தனி மருக்களா என்று ஒவ்வொன்றையும் வரைந்து ஒப்பிட்டார். பாசியின் பெயரையும் கூடவே கேட்டார். பேரினக் கோடு நாளை அழிந்தாலும் அந்த வரைபடங்களுக்கு மதிப்புக் குறையாது.

ஸ்போரைப் பார்ப்பதிலும் பிழைகள் மலிந்திருக்கின்றன. பைக்குள் இருக்கும் ஸ்போரை அளந்து எழுதுகிறார்கள். அது முதிராதது, அலங்காரம் இன்னும் படியாதது. முதிராத லாம்ப்ரோஸ்போராவின் ஸ்போர் வழவழப்பாகத் தெரியும், அதை வைத்து ஆளையே மாற்றிவிடலாம். கிண்ணத்தை ஈரமான மூடிய டப்பாவில் இரவு முழுக்க வைத்து, மேலே பிடித்த கண்ணாடித் தகட்டில் அது தானே எறிந்த ஸ்போர்களை எடுத்தால்தான் முதிர்ந்தவை கிடைக்கும். அவற்றைக் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் இருக்கும் அதே லாக்டோஃபீனால் காட்டன் ப்ளூவில் சூடாக்கி எடுத்தால், தெரியாமலிருந்த வலை நீலமாகத் துலங்கும். அளவிலும் ஒரு மறைமுகக் குளறுபடி உண்டு. சிலர் அலங்காரத்தையும் சேர்த்து அளக்கிறார்கள், சிலர் விட்டுவிட்டு அளக்கிறார்கள். எப்படி அளந்தோம் என்று எழுதுவதில்லை. பதினைந்து, பதினாறு மைக்ரான் ஸ்போரில் இரண்டு மைக்ரான் வேறுபாடு என்பது பெயர் கண்டறிய உதவும் சில திறவுகோல்களில் ஒரு சிற்றினத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் தூரம்.

ஹான்ஸ்-ஒட்டோ பரால் 1992இல் எழுதிய எச்சரிக்கையை இங்கே சேர்க்காமல் விட முடியாது. உயிருள்ள ஆஸ்கோமைசீட் செல்லும் காய்ந்து செத்த செல்லும் நுண்ணோக்கியில் இரண்டு வேறு பொருள்கள் என்று அவர் நீண்ட கட்டுரையில் நிறுவினார். பையின் அகலம் சுருங்குகிறது. பைகளுக்கு நடுவே நிற்கும் மலட்டு இழைகளின் உள்ளிருக்கும் நிறமித் துளிகள் கரைந்து போகின்றன. ஸ்போருக்குள் இருக்கும் எண்ணெய்த் துளிகளின் எண்ணிக்கையும் ஒழுங்கும் கலைகின்றன. உலர்சேகரத்தை மட்டும் நம்பி எழுதிய பழைய அளவுகளோடு, இன்று ஈரமாகக் கொண்டுவந்த மாதிரியை ஒப்பிட்டுப் ‘பொருந்தவில்லை, புதிது’ என்று குதிப்பது அவசரம். பொருந்தாமல் போவது பூஞ்சையா, நீரா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்போரைக் கவனமாகப் பார்த்தாலும் அது மட்டும் போதாது என்பதற்கு ராம்ஸ்பாட்டோமியா நல்ல உதாரணம். ஈர மண்ணில், பெரும்பாலும் பாசி முளைத்த இடங்களில், ஆரஞ்சு நிறத்தில் சிறு வட்டுகளாக வளரும். ஸ்போர் உருண்டை, மேலே முட்கள். உருண்டை, அலங்காரம், ஆரஞ்சு, பாசி அருகாமை என்று லாம்ப்ரோஸ்போராவுக்குக் கேட்ட எல்லாச் சான்றிதழும் அதனிடம் இருக்கிறது. லாம்ப்ரோஸ்போரா என்ற பெயரிலேயே அது நெடுங்காலம் உலவியது. 1985இல் பெங்கெர்ட்டும் ஷூமாக்கரும் ராம்ஸ்பாட்டோமியாவின் எல்லையைத் திருத்தி எழுதினார்கள். கிண்ணத்தின் வெளிச்சுவர் அமைப்பும் அங்கிருக்கும் மயிர்களும் வேறு. பாசி ஒட்டுண்ணிகளின் வரிசையில் அதற்கு இடமில்லை. ஸ்போரை மட்டும் பார்த்தவர் இங்கே தோற்றுப்போவார்.

அப்படியானால் பாசியைக் கேட்கலாமா? இந்தத் தரப்பின் கவர்ச்சி பெரிது. இந்தப் பூஞ்சைகளில் பல, தங்களுக்கென ஒரு பாசியையோ, ஒரு பேரினப் பாசிகளையோ மட்டும் தேர்ந்துகொள்கின்றன. வீட்டுச் சுவர் இடுக்கில் வளரும் டார்ட்டுலா மியூராலிஸுக்கு லாம்ப்ரோஸ்போரா டிக்டிடியோலா. கல் சுவரில் சாம்பல் நிறத் தலையணைகளாக இருக்கும் கிரிமியா பல்வினாட்டாவுக்கு ஆக்டோஸ்போரா மஸ்கி-மியூராலிஸ். வெள்ளி மினுக்கும் பிரையம் அர்ஜென்டியத்துக்கு ஹெட்விக்கின் ஆக்டோஸ்போரா லியூக்கலோமா. பாசியின் பெயர் தெரிந்தால் பட்டியல் ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடுகிறது. இவ்வளவு சுருக்கும் ஆற்றல் வேறெந்தச் சான்றுக்கும் இல்லை.

ஆனால் சுருக்குவது வேறு, தீர்ப்பது வேறு. எரிந்த நிலத்தில் முதலில் குடியேறும் ஃபுனேரியா ஹைக்ரோமெட்ரிக்காவின்மேல் உருண்டை ஸ்போர் கொண்ட லாம்ப்ரோஸ்போரா கார்போனிக்கோலாவும் வரும், நீள்வட்ட ஸ்போர் கொண்ட ஆக்டோஸ்போரா ராக்ஸைமியும் வரும். செரட்டோடான் பர்பூரியஸை லாம்ப்ரோஸ்போரா சீவெரியும் தாக்கும், ஆக்டோஸ்போரா ருஸ்டிக்காவும் தாக்கும். பாலிட்ரைக்கம் அருகே ஆக்டோஸ்போரா ஹியூமோசாவும் இருக்கலாம், நியோட்டியெல்லா ருட்டிலான்ஸும் இருக்கலாம். பாசி ஒன்று, பூஞ்சை இரண்டு. பிரித்துச் சொல்வது ஸ்போர்தான்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. அதைப் பலரும் குறையாகவே பார்ப்பதில்லை. பெயர் சொல்லப் பாசியைப் பயன்படுத்துகிறார்கள். பிறகு அப்படிப் பெயரிட்ட மாதிரிகளை எண்ணி, ‘இந்தப் பூஞ்சை இந்தப் பாசியில் மட்டுமே வளர்கிறது’ என்று முடிவு சொல்கிறார்கள். முடிவை முதலிலேயே உள்ளே வைத்துவிட்டு வெளியே எடுப்பது இது. பாசியைச் சான்றாக வைத்துப் பெயர் சூட்டிய மாதிரி எதையும் ஓம்புயிரி (பூஞ்சை ஒட்டி வாழும் பாசி) வரம்பைக் கணக்கிடும் பட்டியலில் சேர்க்கக் கூடாது. இது என் பிடிவாதம், விட்டுக்கொடுக்க மாட்டேன். அப்படிச் சலித்தால் வெளிவந்த ஓம்புயிரிப் பட்டியல்களில் பல மெலிந்து போகும் என்று எதிர்பார்க்கிறேன்.

எந்தப் பாசி என்பதிலேயே ஏமாற்றம் இருக்கிறது. மத்திய ஐரோப்பாவில் இவற்றைத் தேடும் காலம் இலையுதிர் முடிவிலிருந்து வசந்தத் தொடக்கம் வரை. இடங்கள் மணல் வயல், சரளைப் பாதை, கல்லறைத் தோட்டம், கார் நிறுத்துமிடத்தின் விளிம்பு. அங்கே ஒரு தீப்பெட்டி அகலத்தில் செரட்டோடான், இரண்டு வகை பிரையம், பார்புலா, இளம் ஃபுனேரியா என்று நாலைந்து பாசிகள் பின்னிக் கிடக்கும். கிண்ணத்துக்கு மிக அருகில் நிற்கும் பாசியை ஓம்புயிரி என்று எழுதிக்கொள்வது, பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருந்தவரை உறவினர் என்று பதிவதற்குச் சமம். கிண்ணத்தின் அடியிலிருந்து கிளம்பும் இழைகள் இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் வேறொரு பாசியின் வேரிக்குப் போயிருக்கலாம்.

போயிருக்கிறதா என்று பார்ப்பது இந்தத் துறையின் மிகச் சலிப்பான வேலை, ஆனால் தீர்ப்பு அதில்தான் இருக்கிறது. கிண்ணம் இருக்கும் திட்டை மண்ணோடு சேர்த்துக் கத்தியால் வெட்டி எடுத்து, தட்டையான கண்ணாடிக் கிண்ணியில் நீரில் ஊறவைக்க வேண்டும். ஸ்டீரியோ நுண்ணோக்கியின் கீழ் இரண்டு ஊசிகளால் மணல் துகளை ஒவ்வொன்றாக விலக்கினால், கிண்ணத்தின் அடியிலிருந்து நிறமற்ற இழைக் கற்றை கீழே இறங்குவது தெரியும். அதைப் பின்தொடர்ந்து போனால் பழுப்பு அல்லது ஊதா நிற வேரிகளின் சிக்கலுக்குள் போய்ச் சேர்வோம். பாசி வேரிக்குக் குறுக்குச் சுவர்கள் சாய்வாக இருக்கும். பூஞ்சை இழைக்கு நேராக இருக்கும், அகலமும் குறைவு. அதை வைத்து இரண்டையும் பிரிக்கலாம். சந்தேகமான வேரியை மட்டும் தகட்டுக்கு மாற்றி, காட்டன் ப்ளூ விட்டுப் பெரிதாக்கினால், சுவரின்மேல் ஒட்டியிருக்கும் தடித்த செல் நீலமாகக் கண்ணில் படும். அந்த இடத்தில் வேரி புடைத்திருக்கலாம், சாதாரணமாகவும் இருக்கலாம். பூஞ்சை இங்கேதான் கையும் களவுமாகப் பிடிபடுகிறது. இனி அந்த வேரி எந்தத் தண்டிலிருந்து வருகிறது என்று மேல்நோக்கிப் பார்த்து அந்தப் பாசிக்குப் பெயர் சொல்லலாம். பிரையம் பாசிகள் பலவற்றுக்கு ஸ்போர் தாங்கும் காப்சூல் இல்லாதபோது பெயர் சொல்ல உதவுவதே வேரிகளில் இருக்கும் சிறு கிழங்குகள்தான். மண்ணைக் கழுவிய அதே வேலை பாசிக்காரருக்கும் பயன்படும்.

வேரியை மட்டும் தேடுவதும் தவறாகிவிடும். சில சிற்றினங்கள் தரைக்கு மேலேயே வேலையை முடிக்கின்றன. ஆக்டோஸ்போரா அக்ஸில்லாரிஸின் கிண்ணம் பாசியின் இலைக் கக்கத்தில் உட்காரும். மண்ணில் கிண்ணத்தைத் தேடியவர் அதைத் தவறவிடுவார். தாக்குதல் எங்கே நடக்கிறது என்பதே சிற்றினத்தின் குணங்களில் ஒன்று. பழைய விவரிப்புகளில் அது இல்லை. புதியவற்றில் பல இன்னும் அதைக் குறிப்பிடுவதில்லை.

டிஎன்ஏ பற்றி ஆர்வம் பொங்கப் பேசுகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி. வரிசை கிடைத்துவிட்டது, அதை எதோடு ஒப்பிடப் போகிறீர்கள்? தரவுத்தளத்தில் இருக்கும் வரிசைக்குப் பெயர் கொடுத்தவர் முதிர்ந்த ஸ்போரைப் பார்த்தாரா, வேரியைக் கழுவினாரா? அவர் செய்யாததை இயந்திரம் செய்துவிடாது. தவறான பெயரோடு உள்ளே போன ஒரு வரிசை, அடுத்து வரும் பத்து மாதிரிகளுக்கும் அதே தவறைப் பங்கிட்டுக் கொடுக்கும். கிண்ணம் சிறியது. பாசித் திசுவும் மண்ணிலிருக்கும் வேறு பூஞ்சைகளும் கலந்து வர வாய்ப்பு அதிகம். டிஎன்ஏவைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. ஒரே பெயரில் இரண்டு சிற்றினங்கள் ஒளிந்திருக்கின்றனவா, லாம்ப்ரோஸ்போரா மினியாட்டாவின் கீழ் வைத்திருக்கும் வகைகள் உண்மையில் வகைகள்தானா, தனிச் சிற்றினங்களா போன்ற கேள்விகளுக்கு அதைவிட நல்ல நடுவர் இல்லை. நடுவரிடம் போகும்முன் வழக்கை ஒழுங்காகத் தயாரித்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

ஒழுங்காகத் தயாரித்த வழக்கு எப்படி இருக்கும் என்பதற்கு 2019இல் வெளியான ஆக்டோஸ்போரா கோனிடியோஃபோராவின் விவரிப்பைக் காட்டுவேன். தென்னாப்பிரிக்காவில் ட்ரைக்கோஸ்டீலியம் பெர்குளோரோசம் என்ற பாசியின்மேல் கிடைத்தது. செக் ஆய்வாளர் சுசானா சொகொரோவா, டோபலர் உள்ளிட்ட நால்வர் சேர்ந்து எழுதினார்கள். அவர்களில் ஒருவர் பாசி அறிந்தவர். ஸ்போர், தாக்கும் உறுப்பு, பாசியின் பெயர், மரபணு நான்கும் ஒரே மாதிரியிலிருந்து. அதோடு, மூடி திறக்கும் அணியான பெசைசேல்ஸின் பாசிவாழ் பூஞ்சைகளில் அதுவரை யாரும் அறியாத ஒன்றும் கிடைத்தது: பாலிலா நிலையில் கொனிடியங்கள் என்ற ஸ்போர்களை உண்டாக்கும் கட்டம். வெறும் டிஎன்ஏ வரிசையைப் பதிவேற்றிவிட்டு நகர்ந்திருந்தால் இந்தக் கொனிடியம் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

ஆக என் தீர்ப்பு இது. தோற்றத்தை வைத்துப் பேரினத்தைச் சந்தேகிக்கலாம், அதற்குமேல் எழுதக் கூடாது. தானே எறிந்த முதிர்ந்த ஸ்போர் இல்லாமல் சிற்றினப் பெயர் இல்லை. பாசியின் பெயர், தாக்கப்பட்ட வேரியையோ இலையையோ பார்த்தபின் எழுதினால் முதல்தரச் சான்று. பார்க்காமல் எழுதினால் அது அக்கம்பக்கத் தகவல் மட்டும், அப்படியே குறிப்பிட வேண்டும். ஸ்போரும் தாக்கிய இடமும் சேர்ந்தால் அறியப்பட்ட ஐரோப்பியச் சிற்றினங்களில் பெரும்பாலானவற்றைத் தயக்கமில்லாமல் சொல்லலாம். இரண்டும் முரண்பட்டால் ஸ்போருக்கு முன்னுரிமை. ஏனென்றால் பாசி மாறிக் குடியேறுவது நடக்கக்கூடியது. ஸ்போரின் வலை அப்படி மாறுவதில்லை. டிஎன்ஏ அந்த முரண்பாட்டைத் தீர்க்க வரவேண்டும், அதை மறைக்க வரக்கூடாது. இந்த வரிசையில் நான் கொஞ்சம் பழமைவாதி என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

நம் பக்கம் வந்தால் இந்தக் கண்டிப்பு இன்னும் தேவைப்படும். பிரையம் அர்ஜென்டியம் உலகெங்கும் இருப்பது. நம் நகரங்களின் சிமென்ட் ஓரங்களிலும் அது வெள்ளிப் பொட்டுகளாக வளர்கிறது. ஃபுனேரியா ஹைக்ரோமெட்ரிக்கா நீலகிரியிலும் பழனி மலையிலும் சாதாரணம். கொடைக்கானல் செண்பகனூரில் இருந்த ஏசுசபைத் துறவி ஜார்ஜ் ஃபொரோ பழனி மலைப் பாசிகளைத் தொகுத்து 1961இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். ஓம்புயிரிகளின் பட்டியல் ஒன்று கையிலேயே இருக்கிறது என்பதால், அவற்றின்மேல் ஆரஞ்சு வட்டு கண்டால் ஐரோப்பியத் திறவுகோலைத் திறக்கத் தோன்றும். திறக்கலாம். ஆனால் எந்தத் திறவுகோலும் ‘இது என்னிடம் இல்லை’ என்று சொல்வதில்லை. கேட்ட கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்லிக்கொண்டே போனால் கடைசியில் ஏதோ ஒரு பெயரில் கொண்டுபோய் நிறுத்திவிடும். கொடைக்கானலில் கிடைத்த கிண்ணத்துக்கு ஜெர்மனியின் பிரான்டென்பர்க் மணல் வயலில் வளரும் ஒன்றின் பெயர் அப்படித்தான் வந்து சேரும். அங்கே எடுத்த மாதிரியின் உறையில் ‘ஆக்டோஸ்போரா, நீள்வட்ட ஸ்போர், வழவழப்பு, பிரையம் அர்ஜென்டியம் திட்டில், வேரி பார்க்கப்படவில்லை’ என்று எழுதிவைத்தால், பின்னால் வருகிறவர் மண்ணை நீரில் ஊறவைத்து விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். ‘ஆக்டோஸ்போரா லியூக்கலோமா’ என்று மட்டும் எழுதிவைத்தால் அந்த உறையை யாரும் மறுபடி திறக்க மாட்டார்கள்.